எழுந்து நிற்கச் சொன்னவர்களும் உடன் அமர்ந்தவர்களும்

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த பின், எடமலைப்பட்டி புதூரில் நம் பங்கு இல்லத்தின் வாசலில் பெற்றோரும் பிள்ளைகளுமாக ஒரு சிறு கூட்டம் சேரும். திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதமும் பெற்றுக்கொண்டு கல்லூரிகளுக்குச் செல்ல வந்தவர்கள் அவர்கள். கடிதத்தின் வாசகம் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. இவர் எம் பங்கைச் சேர்ந்தவர், நற்குணமுடையவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவர், சேர்த்துக்கொண்டு உதவ வேண்டுகிறோம் என்று எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை வைப்போம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று நாம் கேட்டதில்லை.

அந்த எண்ணத்தைக் கலைத்தவள் நம் பங்கைச் சேர்ந்த ஒரு மாணவி. நம் கடிதத்தைக் கொண்டு ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்தவள், இரண்டாம் மாதமே விடுமுறைக்கு வந்து, இனித் திரும்பிப் போவதில்லை என்று அழுதாள். கட்டணம் காரணமன்று. முதல் வாரத்தில் ஆசிரியர் ஒருவர், தமிழ்வழியில் படித்தவர்கள் எழுந்து நிற்கும்படி சொன்னாராம். அவர்களுக்குத் தனி வகுப்பு நடத்தவேண்டும் என்ற நல்லெண்ணம்தான். நான்கைந்து பேர் நின்றனர். அன்று முதல் விடுதி உணவறையிலும் அவர்கள் நான்கைந்து பேராகவே ஆகிவிட்டனர். "அஞ்சு நிமிசம் நின்னதுக்கா படிப்பை விடுவாங்கன்னு நானும் திட்டிட்டேன் சாமி" என்றார் தாய். நாமும் ஏறத்தாழ அதையே சொன்னோம். பொறுத்துக்கொள், நன்றாகப் படி, எல்லாம் சரியாகும் என்று அறிவுரை கூறி அனுப்பி வைத்தோம்.

அன்றிரவு நம் நூலடுக்கிலிருந்து இரு நூல்களை எடுத்தோம். ஒன்று, பாமா எழுதி 1992-இல் வெளிவந்த 'கருக்கு'. மற்றொன்று, அப்துல் கலாம் அருண் திவாரியுடன் இணைந்து எழுதி 1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின் 'அக்னிச் சிறகுகள்' என்று தமிழாக்கம் பெற்ற தன்வரலாறு. இரண்டிலும் வீட்டைவிட்டுக் கல்லூரி விடுதிக்குச் செல்லும் ஓர் இளைய உயிர் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது நமக்குத் தோன்றியவற்றை இங்கே வாசகரோடு பகிர்ந்துகொள்கிறோம்.

வளனார் விடுதியின் ஓர் அறை

நம் புதூரிலிருந்து நகரப் பேருந்தில் ஏறிச் சத்திரத்தில் இறங்கினால், சற்று நடக்கும் தொலைவில் தூய வளனார் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையார் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. அங்கே 1950-ஆம் ஆண்டு இண்டர்மீடியட் படிக்க இராமேசுவரத்திலிருந்து வந்து சேர்ந்தார் கலாம்.

விடுதியில் அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டோர் இருவர். ஒருவர் திருவரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூன்றாமாண்டில் கலாம் சைவ உணவகத்தின் செயலாளராகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி அதிபராக இருந்த அருட்தந்தை களத்தில் அவர்களை மாணவர்கள் மதிய உணவுக்கு அழைக்கின்றனர். தத்தம் வீட்டுப் பழக்கத்தில் தேர்ந்த பண்டங்களையெல்லாம் சேர்த்து விருந்து சமைக்கின்றனர். அதிபர் வந்து அமர்கிறார், உண்கிறார், மனமாரப் பாராட்டுகிறார். நூலில் இது மிகச் சிறிய பகுதிதான். ஆனால் அதிபர் அங்கே விருந்தளிப்பவர் அல்லர், விருந்தினர். கல்லூரி தன் மேசைக்கு மாணவரை அழைப்பது வழக்கமான செய்தி. மாணவர் மேசைக்குக் கல்லூரியே வந்து அமர்வது அரிது.

திறனாய்வு என்ற முறையில் நூலின் குறையையும் சொல்லவேண்டும். 'அக்னிச் சிறகுகள்' மேலே மேலே ஏறிச் செல்லும் ஒரே நேர்க்கோடு. ஒவ்வோர் ஊரும் ஒரு படி. படி ஏறிய பிறகு கீழே பார்ப்பதற்கு நூலுக்கு நேரமில்லை. அறைத்தோழர் இருவரும் ஊராலும் சமயத்தாலும் அறிமுகமாகிறார்களேயன்றிப் பெயரால் அறிமுகமாவதில்லை. அதற்கு முன் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்தபோது வீட்டையும் தாயின் போளியையும் நினைத்து ஏங்கியதைச் சொல்லும் கலாம், திருச்சியின் முதலாண்டுத் தடுமாற்றங்களை அவ்வாறு விரித்துச் சொல்வதில்லை. நன்றியுணர்வு மிகுந்த நெஞ்சம் நினைவைச் சற்று வெளுத்துத் தருகிறது.

எனினும் ஓர் உண்மையை அவர் மறைக்கவில்லை. மேற்படிப்பு என்றால் கல்லூரிக்குச் செல்வது என்ற அளவே அன்று அவருக்குத் தெரியும். பட்டப்படிப்புக்கு இயற்பியலைத் தேர்ந்தபோது வேறு வழிகள் இருப்பது தெரியாது. படித்து முடித்த பிறகே, தமக்குரியது பொறியியல் என்று உணர்கிறார். அவ்வளவு இனிய விடுதியிலும் ஒரு முதல் தலைமுறை மாணவனுக்கு அத்தகவல் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. பெற்றோர் படித்திராத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் நேரும் முதல் துன்பம், எதைக் கேட்பது என்றே தெரியாமை. இன்றும் நம் பங்கு இல்ல வாசலில் நிற்கும் பிள்ளைகளுள் பலர் எந்தப் பாடம் என்று கேட்டால், கிடைப்பது எதுவோ அது என்கின்றனர்.

கருக்கு கிழித்த இடங்கள்

'கருக்கு' மதுரையிலிருந்து வெளிவந்தபோது நாம் குருமடத்தில் பயின்றுகொண்டிருந்தோம். நூல் கைக்குக் கை மாறியது. நாமும் படித்தோம், படித்துச் சினந்தோம் என்பதே உண்மை. திருஅவையைத் தூற்றுகிறார், துறவு வாழ்வைத் துறந்தவர் வேறெப்படி எழுதுவார் என்று பேசி நூலை மூடிவைத்தோம். எழுத்தில் ஏற மறுத்த பேச்சுத் தமிழை, அதுவும் ஊரின் விளிம்பில் வாழ்வோரின் பேச்சை, அச்சில் கண்டபோது இது இலக்கியமா என்றும் கேட்டோம். அதே நூலை 2000-இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் விருது பெற்றது. உலகம் படித்துத் திரும்பிய பிறகே நம்மவர் பலர் அதை மீண்டும் திறந்தனர். நாமும் அவர்களுள் ஒருவர்.

பனைமட்டையின் இரு விளிம்பிலும் வாள்போல் அமைந்த பற்களே கருக்கு. விறகு பொறுக்கும் சிறுமியின் கையைக் கிழிப்பது அது. பாமா தம் வாழ்வைக் கால வரிசையில் சொல்வதில்லை. சாதி, விளையாட்டு, உழைப்பு, பக்தி, துறவு என ஒவ்வொரு கோணத்திலும் அதே ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார். ஆதலின் அவருடைய கல்லூரி வாழ்வும் ஓர் இயலாகக் கோவையாக அமையவில்லை, சிதறல்களாக வருகிறது. முன்பு இதைக் கட்டமைப்பின் குறை என்றோம். இன்று அவ்வாறு கருதவில்லை. அவமானம் தான் நிகழ்ந்த ஆண்டோடு நின்றுவிடுவதில்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும். பாமாவின் நூல் அப்படித்தான் நடக்கிறது.

அச்சிதறல்களுள் மூன்றினை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வகுப்பறை. படித்தவர் கூடும் இடத்தில் சாதி இராது என்று எண்ணிச் சென்றவரின் வகுப்பில், ஆசிரியர் ஒருவர் அரிசன மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்கிறார். அரசு ஏற்பாடு செய்த தனிவகுப்புக்குப் பெயர் எடுப்பதற்காக. தனிவகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அமர்கிறார் அவர். எங்கே சென்றாலும் எவ்வளவு படித்தாலும் இது விடாது போலும் என்ற எண்ணம் அவருள் எழுகிறது.

இரண்டாவது, விடுமுறைக்கு வேண்டிய அனுமதி. தம்பி தங்கையர் புதுநன்மை பெறும் நாளுக்கு ஊர் செல்லவேண்டும் என்று கேட்கிறார். மற்றவர்க்குக் கிடைக்கும் அனுமதி அவருக்கு மறுக்கப்படுகிறது. உங்கள் சாதியில் புதுநன்மைக்கு அப்படி என்ன கொண்டாட்டம் என்ற பொருளில் பொறுப்பில் இருந்தோர் கேட்கின்றனர். அவர் விட்டுக்கொடுக்காமல் வாதாடி அனுமதி பெற்றே செல்கிறார்.

மூன்றாவது, படிப்பு முடியும் வேளையில் நடந்த விருந்து. உடுத்திக்கொள்ளத் தகுந்த சேலை இல்லாமையால், விருந்து முடியும்வரை குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு இருந்ததைப் பதிவு செய்கிறார்.

மூன்றையும் ஒரே குரலில், மிகையின்றிச் சொல்வதே பாமாவின் ஆற்றல். தம்மைத் தியாகியாகக் காட்டுவதில்லை. பேச்சு மொழி இங்கே அலங்காரமன்று. நம் செந்தமிழில் இச்செய்திகளை எழுதினால் அவை அறிக்கையாகிவிடும். மேலே நாம் எழுதியுள்ள மூன்று பத்திகளே அதற்குச் சான்று. அவர் மொழியில் அவை ஒருவர் அருகில் அமர்ந்து சொல்வதுபோல் ஒலிக்கின்றன. 1992-இல் எந்த மொழியைக் குறை என்றோமோ, அதுவே நூலின் உயிர் என்று இன்று ஒப்புக்கொள்கிறோம்.

நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அவரோடு விடுதியில் வாழ்ந்த தோழியரின் முகங்கள் நூலில் தெளிவாக எழுவதில்லை. எழுந்து நின்றபோது அருகில் இருந்தவர் என்ன செய்தார், குளியலறைக் கதவை எவரேனும் தட்டினாரா என்று வாசகர் மனம் தேடுகிறது. ஒருவேளை எவரும் தட்டாமையே அதற்கு விடையாக இருக்கலாம்.

எவர் பேசினார்?

இரு நூல்களையும் ஒப்பிடுவோர், இருவருமே ஏழ்மையிலிருந்து படித்து முன்னேறியவர்கள், ஆகவே மாணவர்களே உழையுங்கள் என்று முடித்துவிடுவது எளிது. நம் மறையுரைகளிலும் பல முறை அப்படி முடித்திருக்கிறோம். ஆயினும் நூல்கள் சொல்வது அதுவன்று.

கலாம் இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரியின் அருகில், தொப்பி அணிந்த சிறுவன் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைப் பொறாத புதிய ஆசிரியர், கலாமைப் பின்வரிசைக்கு அனுப்புகிறார். சிறுவர் இருவரும் வருந்துகின்றனர். செய்தி இராமநாதனின் தந்தை இலட்சுமண சாஸ்திரியின் செவிக்கு எட்டுகிறது. கோவிலின் தலைமைக் குருவான அவர் ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சு மனங்களில் நஞ்சைக் கலக்கவேண்டாம் என்று சிறுவர் முன்னிலையிலேயே கண்டிக்கிறார். ஆசிரியர் மனம் வருந்தித் திருந்துகிறார்.

பாமாவின் சிறுவயதில் அவருடைய அண்ணன் தங்கைக்குச் சொன்ன அறிவுரையையும் அருகில் வைத்துப் பார்ப்போம். நாம் பிறந்த சாதியால் மதிப்பு மறுக்கப்படுகிறது, படித்து முன்னேறினால் இந்த இழிவைக் களையலாம், ஆகவே கருத்தாகப் படி என்கிறார் அவர். அன்பு நிறைந்த அறிவுரை. தங்கை அதனைச் சிரமேற்கொண்டு முதல் மாணவியாகத் திகழ்கிறார். ஆனால் கல்லூரி வகுப்பறையில் எழுந்து நின்ற அந்த வேளையில் அந்த அறிவுரை போதவில்லை. அவர் படித்துவிட்டார். இழிவோ போகவில்லை.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இராமேசுவரத்தில், தவறு செய்தவரை அழைத்துப் பேச அதிகாரமுள்ள ஒரு பெரியவர் இருந்தார், பேசினார். மற்ற நிகழ்ச்சியில் அந்தப் பெண் மட்டுமே தனக்காகப் பேசினாள். பிள்ளையின் திறமையோ துணிவோ இரு கதைகளையும் வேறுபடுத்தவில்லை. துணிவு என்று பார்த்தால் பாமாவிடமே மிகுதி. பேசவேண்டியவர் பேசினாரா என்பதே வேறுபாடு. முதலாண்டு என்பது மாணவரைச் சோதிக்கும் ஆண்டு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது கல்லூரியைச் சோதிக்கும் ஆண்டு. அப்பிள்ளையை அனுப்பி வைத்த பங்கையும் சேர்த்தே சோதிக்கிறது.

ஒன்றை ஐயமறச் சொல்லிவிடுகிறோம். ஒரு கல்லூரி நல்லது, மற்றொன்று தீயது என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. ஆண் பிள்ளையின் 1950-களையும் தலித் பெண்ணின் பிற்காலத்தையும் ஒரே தராசில் நிறுத்தவும் இயலாது. வளனார் விடுதியின் அந்த அறையில் வேற்றுச் சமயங்கள் மூன்று சேர்ந்து வாழ்ந்தன. வேற்றுச் சமயத்தாரை வரவேற்பது நமக்கு ஓரளவு கைவந்த கலை. நம் சமயத்திற்குள்ளேயே சாதியால் ஒதுக்கப்பட்டோரை வரவேற்பதில்தான் நம் கால்கள் தடுமாறுகின்றன. இரு நூல்களையும் அருகருகே வைத்தால் தெரிய வருவது நம் திருஅவையின் இந்த முரண்.

மறைநூல் காட்டும் மேசை

யாக்கோபு தம் திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சியை வரைகிறார். தொழுகைக் கூடத்திற்குப் பொன் மோதிரம் அணிந்தவர் வந்தால் நல்ல இருக்கை தரப்படுகிறது. கந்தை அணிந்தவர் வந்தால் அங்கேயே நிற்கச் சொல்கிறார்கள். இதனைப் பாகுபாடு என்றும் பாவம் என்றும் அவர் கடிந்துகொள்கிறார். எவரை நிற்கவைக்கிறோம், எவரை அமரவைக்கிறோம் என்பது திருத்தூதர் காலத்திலேயே நம்பிக்கையின் கேள்வியாக இருந்திருக்கிறது.

பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. செல்வர் முந்தி உண்டுவிட, ஏழைகள் பசியோடு இருக்கும் கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் கூடி உண்பது ஆண்டவரின் திருவிருந்தே அன்று என்னும் கருத்தில் அவர் எழுதுகிறார். இதனைக் குருமடத்தில் நாம் மனப்பாடமாகப் படித்தோம், தேர்வில் விடை எழுதினோம். உங்கள் சாதியில் புதுநன்மைக்கு என்ன கொண்டாட்டம் என்ற கேள்வியை அதே நாட்களில்தான் 'கருக்கு' நூலில் படித்தோம். ஒன்றை மற்றொன்றோடு இணைத்துப் பார்க்கவில்லை. புதுநன்மை என்பது ஒரே அப்பத்தில் பங்குபெறும் முதல் நாள். அந்த நாளைச் சாதியால் அளந்த கேள்வி ஒரு மாணவியை மட்டும் புண்படுத்தவில்லை, அருள்சாதனத்தையே மறுத்தது. பாமா இறையியல் நூல் எழுதவில்லை. ஆனால் நாம் இறையியல் வகுப்பில் தவறவிட்ட பாடத்தை அவர் எழுதியிருக்கிறார்.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சாதிப் பாகுபாடு கொடிய சமூகப் பாவம் என்று அறிவித்தது. 'கருக்கு' வெளிவந்து 24 ஆண்டுகளுக்குப் பின் வந்த அறிக்கை அது. அறிக்கை வேண்டியதே. ஆனால் விடுதியின் உணவறையில் எவர் அருகில் எவர் அமர்கிறார் என்பதை அறிக்கை மாற்றிவிடாது. அதை மாற்றுவதற்கு ஓர் ஆள் அங்கே சென்று அமரவேண்டும்.

இன்று பொருளுதவிக்கு வழிகள் பெருகியுள்ளன. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்வோர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் வகையில் அமைந்தன. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது பெருந்துணை. குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்ட அந்த மாணவிக்கு ஒரு சேலை வாங்கவும் அது உதவியிருக்கும். ஆனால் எழுந்து நின்றவளை மீண்டும் அமரவைக்கும் வேலையைப் பணம் செய்யாது.

கடிதத்துக்குப் பின்

நூல்களை மூடிவைத்தபோது, நம் மாணவிக்கு நாம் சொன்ன அறிவுரை நினைவுக்கு வந்தது. பொறுத்துக்கொள், நன்றாகப் படி. சாஸ்திரியின் இடத்தில் இருந்துகொண்டு அண்ணனின் அறிவுரையைக் கூறியிருக்கிறோம். அண்ணனிடம் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை, அவர் அவ்வளவே கூறமுடியும். நம்மிடமோ ஒரு முத்திரை இருக்கிறது. அந்த முத்திரைக்கு மதிப்பளித்தே கல்லூரி அவளைச் சேர்த்துக்கொண்டது.

அடுத்த வாரம் நாமே அக்கல்லூரிக்குச் சென்றோம். குற்றம் சாட்டச் செல்லவில்லை. பொறுப்பில் இருந்தவரிடம் நிகழ்ந்ததைச் சொன்னோம். அவர் வருந்தினார். எழுந்து நிற்கச் சொல்லாமலே அந்த விவரத்தைச் சேர்க்கைப் படிவத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமே, நமக்குத் தோன்றவில்லையே என்றார். அவ்வளவு எளிதாக முடிந்த ஒன்றுக்காகத்தான் ஒரு பெண் படிப்பை விட இருந்தாள். அன்று மதியம் அனுமதி பெற்று மாணவியரின் உணவறையில் அமர்ந்து சாம்பார் சோறு உண்டோம். முதலில் அந்த நான்கைந்து பேரே நம்மைச் சூழ்ந்திருந்தனர். சற்று நேரத்தில், சாமியார் வந்திருக்கிறாராம் என்று வேறு சிலரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அமர்ந்தனர். களத்தில் அடிகளாரைப்போல் விருந்துண்ணவில்லைதான். ஆயினும் அவர் ஏன் அந்த ஞாயிற்றுக்கிழமை சென்றார் என்பது விளங்கியது.

இவ்விதழைப் படிக்கும் பெற்றோருக்கும் பங்குப் பேரவையினருக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் விழாவைச் சிறப்பாக நடத்துகிறோம். சேர்ந்து இரண்டு மாதம் கழித்து அவர்களைச் சென்று பார்ப்போம். என்ன மதிப்பெண் என்று கேட்குமுன், உணவறையில் எவரோடு அமர்கிறாய் என்று கேட்போம். விடை வர நேரமானால், அங்கே பேசவேண்டியது நாம் என்று அறிந்துகொள்வோம். 'கருக்கு' நூலை இன்னும் படிக்காதவர்கள் படியுங்கள். முன்பு சினந்து மூடிவைத்தவர்கள் மீண்டும் திறந்து பாருங்கள்.

அந்த மாணவி இப்போது இரண்டாமாண்டு படிக்கிறாள். சென்ற முறை பங்கு இல்லத்துக்கு வந்தபோது, தோழியர் கிடைத்தனரா என்று கேட்டோம். சற்றே யோசித்து, "ஒருத்தி இருக்கா ஃபாதர்" என்றாள்.